மும்பை மழைக்கு முன் சொகுசு செடானுக்கு டயர் வாங்குவது எப்படி

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் இறங்கும். டயர் மாற்றுவதென்றால் மே மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசும் வழவழப்பு, புது டயரின் மேல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது போய் ரப்பர் முழுப் பிடிப்புக்கு வர 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும். அந்தத் தூரத்தைக் காய்ந்த சாலையில் ஓட்டி முடிப்பதே பாதுகாப்பு.

முதலில் இப்போதிருக்கும் டயரை அளந்து பாருங்கள். புது டயரில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ஆழம் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். நீளவாக்கில் ஓடும் பெரிய பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மி.மீ. என்று அர்த்தம். மும்பை மழைக்கு அதுவரை காத்திருக்கவே கூடாது, 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிட வேண்டும். ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்தான். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். இந்த வகைக் கார்களில் சக்கரத்தின் மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்திருப்பதால் உள்விளிம்புதான் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும், உள்ளே மொட்டையாகியிருக்கும். முன் சக்கரத்தை ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஏன் 3 மி.மீ. என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. 225 மி.மீ. அகல டயர், சாலையில் 3 மி.மீ. தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நொடியும் ஒரு வாளித் தண்ணீரை, சுமார் 15 லிட்டரை, அந்த ஒற்றை டயர் ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். டயரின் பள்ளத்தில் இடமில்லையென்றால் தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்பு போலக் குவிந்து டயரைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும், பிரேக் போட்டாலும் வண்டி கேட்காது. வண்டி சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ், இஎஸ்பி எல்லாம் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும்.

இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மழையில் டயருக்கு இரண்டு தனித்தனி வேலைகள். தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுவது பள்ளத்தின் வேலை. தண்ணீர் போன பிறகும் ஈரமாக இருக்கும் சாலையைப் பிடிப்பது ரப்பரின் வேலை. சிலிகா கூடுதலாகச் சேர்த்த ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். மாட்டுங்காவிலிருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு அலுவலகம் போய்வருகிறவருக்கு வேகம் குறைவு. வழவழத்த பேவர் பிளாக், முதல் மழையில் எண்ணெய் மிதக்கும் சிக்னல், திடீர் பிரேக் இவைதான் தொல்லை. அவருக்கு ரப்பர்தான் முக்கியம். வாரம் தவறாமல் புனே எக்ஸ்பிரஸ்வேயிலோ அடல் சேது கடல் பாலத்திலோ போகிறவருக்கு நான்கு அகலமான நேர்ப்பள்ளங்களும், பக்கவாட்டில் தண்ணீர் வெளியேறத் தெளிவான வழிகளும் உள்ள டயர் வேண்டும்.

டயரில் ஒட்டியிருக்கும் லேபிளை இதை மனதில் வைத்துப் படியுங்கள். இந்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ தரும் நட்சத்திரம் டயர் உருளும்போது வீணாகும் சக்தியை வைத்துத் தரப்படுவது. அது பெட்ரோல் சிக்கனத்தைத்தான் சொல்லும், ஐந்து நட்சத்திரம் இருப்பதால் மழையில் பிடிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய லேபிளில் மழைமேகம் படம் போட்ட கட்டம் இருக்கும். அதில் A முதல் E வரை ஈரப்பிடிப்பின் தரம். A அல்லது B வாங்குங்கள், அதற்குக் கீழே வேண்டாம். ஒரே மாடலிலும் சைஸுக்குச் சைஸ் இந்தத் தரம் மாறும், அதனால் உங்கள் சைஸுக்கு உரியதைக் கேளுங்கள். அந்தச் சோதனை புது டயரில், மெல்லிய நீர்ப்படலத்தில் பிரேக் போட்டுப் பார்ப்பது. தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்குமா என்பதை அது சொல்லாது. சில டயர்களின் பக்கச்சுவரில் டிராக்‌ஷன் AA, A என்று அமெரிக்கத் தரம் அச்சிட்டிருக்கும். அதுவும் ஈரத் தரையில் நேராக பிரேக் போட்டு எடுத்ததுதான். பக்கத்திலேயே இருக்கும் ட்ரெட்வேர் எண் டயரின் ஆயுளைக் காட்டுவது. அந்த எண்ணை மட்டும் பார்த்து, 'லட்சம் கிலோமீட்டர் ஓடும்' என்ற பேச்சை நம்பி, சொகுசு காருக்கு டயர் வாங்காதீர்கள். 1,600, 1,700 கிலோ எடையுள்ள வண்டியை மழையில் நிறுத்தப்போவது அந்த ரப்பர்தான்.

சைஸ் விஷயத்தில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதே சட்டம். 225/55 R17 101W என்று இருந்தால் அகலம் 225 மி.மீ., சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 17 அங்குலம். 101 என்பது ஒரு டயர் 825 கிலோ தாங்கும் என்பது; W என்பது 270 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்பது. மும்பையில் 270-இல் யார் போகிறார்கள் என்று குறைந்த குறியீட்டை எடுக்க வேண்டாம். வேகக் குறியீட்டோடு டயரின் கட்டமைப்பும் மாறுகிறது. எடைக் குறியீட்டைக் குறைக்கவே கூடாது. அகலத்தைக் கூட்டும் ஆசையும் வேண்டாம்: அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும்.

மும்பைக்காரர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. உங்கள் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ 225/45 R18, 225/50 R17 இரண்டும் இருந்தால் 17-க்கு இறங்கிவிடுங்கள். மொத்த விட்டத்தில் 3 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் சுவர் உயரம் 101-லிருந்து 112 மி.மீ. ஆகிறது. தண்ணீர் மூடிய குழியில் ரிம் வளைவதும் சுவரில் கொப்புளம் கிளம்புவதும் நன்றாகக் குறையும். விலையும் குறைவு.

பக்கச்சுவரில் உள்ள குறிகளையும் பாருங்கள். நட்சத்திரக் குறி பி.எம்.டபிள்யூவுக்கு, MO மெர்சிடிஸுக்கு, AO ஆடிக்கு என்று அந்தந்தக் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியவை. கட்டாயமில்லை, கிடைத்தால் நல்லது. ஆனால் முன்னால் ஒரு மாடல், பின்னால் ஒரு மாடல் வேண்டாம். ரன்ஃபிளாட் டயரா சாதா டயரா என்பதுதான் பெரிய முடிவு. ரன்ஃபிளாட்டில் காற்று போனாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை போகலாம். அதன் சுவர் விறைப்பானது, குழியில் அடி பலமாக விழும். சாதா டயருக்கு மாறினால் வண்டியில் ஸ்டெப்னி வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல கார்களில் இருக்காது. இரவில் தனியாகவோ குடும்பத்தோடோ ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் போய்வருகிறவர்கள் ரன்ஃபிளாட்டிலேயே இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. கொட்டும் மழையில் ஒதுங்க இடமில்லாத மேம்பாலத்தில் சக்கரம் கழற்றுவது உயிருக்கே ஆபத்து.

கடையில் டயரை இறக்கியதும் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். இந்தியா 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அதனால் அபூர்வ சைஸ்களில் பழைய சரக்கு வரக்கூடும். ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் வேறு கேளுங்கள். கடைக்காரர் 'ஸப் ஸேம் ஹை ஸாப்' (எல்லாம் ஒன்றுதான் சார்) என்பார். நான்கு டயரின் எண்ணையும் நீங்களே படியுங்கள். அந்த நான்கு எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், அதனால் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால் போக வேண்டும், வண்டி முன்சக்கர டிரைவாக இருந்தாலும் சரி. முன்னால் பிடிப்பு போனால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி மீளலாம். பின்னால் போனால் வண்டி சுழன்றுவிடும். குவாட்ரோ, எக்ஸ்டிரைவ், 4மேட்டிக் போன்ற நான்கு சக்கர டிரைவில் முன்பின் பட்டன் வித்தியாசம் 2, 3 மி.மீ.க்கு மேல் போனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) கெடலாம். அங்கே நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். OUTSIDE என்று எழுதிய பக்கம் வெளியே வர வேண்டும், ROTATION அம்பு வண்டி போகும் திசையில் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் தண்ணீர் வெளியேறும் வழியே கெட்டுவிடும். டயர் கழற்றும் இயந்திரம் வால்வுக்கு அருகில் இருக்கும் காற்றழுத்த சென்சாரில் படாமல் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சில்தான் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடிக்க வேண்டும்: பி.எம்.டபிள்யூவின் புதிய மாடல்களில் 140 நியூட்டன் மீட்டர்; மெர்சிடிஸிலும் ஆடியிலும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பேலன்சிங், நான்கு சக்கர அலைன்மென்ட், சென்சார் ரீசெட் மூன்றும் அன்றே முடியட்டும்.

காற்றை மாதம் இருமுறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்குகிறது: 36 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் அந்த வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ரன்ஃபிளாட்டில் காற்று குறைந்தது கண்ணுக்கே தெரியாது. புது டயர் போட்டு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் போல்ட்டை ஒருமுறை சரிபாருங்கள். குழியில் பலமாக விழுந்தால் அன்றே இரண்டு பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். கொப்புளம் தட்டுப்பட்டால் அந்த டயருக்குப் பஞ்சர் ஒட்டுவதெல்லாம் உதவாது, புதிதுதான் போட வேண்டும்.