தளபதி வாய் திறந்தால் டெஸ்க் செய்யக் கூடாதவை

இரவு ஒன்பதரைக்குப் பத்திரிகை அலுவலகத்தின் டெஸ்க்கில் செய்தி ஏஜென்சி காப்பி வந்து விழுகிறது. ஏதோ ஒரு நாட்டின் படைத் தலைவர் தன் நாட்டுப் பிரதமரைப் பற்றியோ பாதுகாப்பு அமைச்சரைப் பற்றியோ ஏதோ சொல்லியிருக்கிறார். டெஸ்க்குக்கு வந்து ஆறு மாதம் ஆன தம்பியோ தங்கையோ அதை எடுத்துத் தமிழாக்குகிறார். கால் மணி நேரத்தில் தலைப்பு தயார்: “பிரதமருக்கு எதிராகத் தளபதி போர்க்கொடி”. பத்து வருடம் முன்பு அதே நாற்காலியில் இருந்தவர்களும் இதே தலைப்பைத்தான் போட்டார்கள். மறுநாள் உள்பக்கத்தில் திருத்தம் போட்டதும் அவர்கள்தான்.

பெயரில் ஒற்றுப்பிழை, தேதி மாறிப்போவது, படத்தில் வேறு ஆள் வருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். ப்ரூஃப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் சரியாகவே தெரிந்து அச்சுக்குப் போகும் தவறுகள்தான் தொல்லை.

“தளபதி” என்று மட்டும் போடுவது

சென்னையில் இந்தச் சொல்லைத் தனியாகத் தலைப்பில் வைத்தால் கட்சிக்காரருக்கு ஒருவர் நினைவுக்கு வருவார், சினிமா ரசிகருக்கு இன்னொருவர். அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய சிக்கல். பெரிய சிக்கல் பதவியில் இருக்கிறது. இந்தியாவில் கமாண்டர் இன் சீஃப் என்ற பெயர் 1955-லேயே போய்விட்டது. முப்படைகளின் உச்ச தலைமை அரசியலமைப்பின் 53-வது பிரிவுப்படி குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. தரைப்படைக்கு ஒரு தலைமைத் தளபதி, கடற்படைக்கும் விமானப்படைக்கும் அப்படியே. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முப்படைத் தலைமைத் தளபதி என ஒருவர் இருக்கிறார். ஆனால் மூன்று படைத் தலைவர்களுக்கும் போர்க்கள உத்தரவு போடும் அதிகாரம் அந்தப் பதவிக்குக் கிடையாது. பதவியை உருவாக்கியபோதே அரசு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே அவர் ஒரு கருத்துச் சொன்னால் “முப்படைகளும் அதிருப்தி” என்று நீட்டக் கூடாது.

தரவரிசையிலும் இதே ஆபத்து உண்டு. கடற்படை கேப்டன், தரைப்படை கர்னலுக்குச் சமம். தரைப்படை கேப்டனோ அதற்கு மூன்று படி கீழே. 2025 ஜூனில் ஜகார்த்தாவில் நடந்த கருத்தரங்கில் பேசியவர் அங்குள்ள நம் தூதரகத்தின் பாதுகாப்பு இணைப்பதிகாரியான கடற்படை கேப்டன். மே மாத மோதலின் தொடக்கத்தில் விமான இழப்பு ஏற்பட்டது, பாகிஸ்தானின் ராணுவ நிலைகளையும் வான் பாதுகாப்பையும் தாக்க வேண்டாம் என்று அரசியல் தலைமை வைத்த கட்டுப்பாட்டால்தான் என்பது அவர் பேச்சின் சாரம். படை எது என்று சொல்லாமல் “கேப்டன்” என்று மட்டும் எழுதினால், வாசகர் மனதில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் வந்து நிற்பார்.

“சிவில் தலைவர்கள்”

இது தமிழே இல்லை. சிவில் என்றதும் நம் வாசகருக்கு நினைவுக்கு வருவது சொத்து வழக்கு. “அரசியல் தலைவர்கள்” என்றால் எதிர்க்கட்சியும் உள்ளே வந்துவிடும். “ஆட்சித் தலைமை” என்றோ “தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு” என்றோ எழுதலாம். அதைவிட நல்லது, யாரைச் சொன்னாரோ அவர் பதவியையே எழுதிவிடுவது.

ஒருவர் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் மாட்டிஸ் 2013-ல் ஓய்வுபெற்ற அமெரிக்க ஜெனரல். 2018 டிசம்பரில் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது பாதுகாப்பு அமைச்சர், அதாவது சீருடைக்கு மேலே இருக்கும் ஆட்சித் தலைமையில் ஒருவர். அதைத் “தளபதி ராஜினாமா” என்று போட்டால் செய்தியே தலைகீழாகிவிடும். ரஷ்யாவின் செர்கேய் ஷோய்கு ஜெனரல் சீருடையில் வலம்வந்த பாதுகாப்பு அமைச்சர், படிப்பால் சிவில் இன்ஜினீயர். அவரைத் திட்டித் தீர்த்த பிரிகோஷின் தளபதியே அல்ல, கூலிப்படை நிறுவனம் நடத்தியவர். அந்தச் சண்டையை “ராணுவம் எதிர் அரசு” என்ற கட்டத்துக்குள் அடைக்கவே முடியாது.

“பகிரங்கமாக”

எரிச்சல் அடங்காத தவறு இதுதான். ஒரே ஒரு சொல், நாலரை ரூபாய்கூடப் பெறாது. அது உண்டாக்கும் சேதமோ பெரிது.

காப்பி எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். ஏஜென்சி சொன்னது: “மூடிய அறையில் நடந்த குழுக் கூட்டத்தில் எம்.பி.க்களிடம் அவர் இவ்வாறு கூறியதாகத் தெரிகிறது.” மொழிபெயர்ப்பவர் நீளம் குறைக்கிறார்: “எம்.பி.க்களிடம் அவர் கூறினார்.” வெப் டெஸ்க் அதை எடுத்து: “நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு.” நியூஸ் கார்டு போடுபவருக்கு நாலு சொல்தான் இடம்: “அரசு மீது தளபதி பகிரங்கத் தாக்கு.” யாரும் பொய் எழுதவில்லை, ஆளுக்கு ஒரு சொல்லைத்தான் வெட்டினார்கள். கடைசியில் ரகசியமாகச் சொல்லப்பட்ட வார்த்தை மைக் பிடித்துச் சொன்னதாகிவிட்டது.

இது நடைப் பிழை என்றால் விட்டுவிடலாம். பணியில் இருக்கும் அதிகாரி பகிரங்கமாக அரசைக் குறைசொன்னார் என்று எழுதுவது, அவர் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு. 1954-ன் ராணுவ விதிகளில் 21-வது விதியின்படி, அரசியல் விவகாரத்தையோ பணி சார்ந்த விஷயத்தையோ முன்அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ தெரிவிக்கக் கூடாது. படையினரின் அடிப்படை உரிமைகளை இப்படிச் சுருக்க அரசியலமைப்பின் 33-வது பிரிவு இடம் தருகிறது. ஆக, “பகிரங்கமாக” என்று எழுதிய கணத்தில் அவர் விதி மீறினார் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மறுநாள் காலை முதல் அழைப்பு பாதுகாப்புத் துறை மக்கள் தொடர்பு அதிகாரியிடமிருந்து வரும். அதற்குப் பிறகு ராணுவ அலுவலகம் இருக்கும் தீவுத்திடல் பக்கம் யாரும் அந்த நிருபரின் போனை எடுக்க மாட்டார்கள்.

1959-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 31 அன்று தரைப்படைத் தலைவர் ஜெனரல் திம்மய்யா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகவில்லை. நேரு அழைத்துப் பேசினார், அவரும் கடிதத்தைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். அதற்குள் செய்தி கசிந்து மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது. செப்டம்பர் 2 அன்று நேரு நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. திம்மய்யா மேடையில் பேசவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை “மேனனைப் பகிரங்கமாக எதிர்த்த திம்மய்யா” என்று கட்டுரைகள் வருகின்றன.

2012 இன்னும் சிக்கலானது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரே வாரத்தில் அன்றைய தரைப்படைத் தலைவர் ஜெனரல் வி.கே. சிங்கைப் பற்றி இரண்டு செய்திகள். லாரி கொள்முதலுக்காகத் தனக்கு 14 கோடி ரூபாய் லஞ்சம் தர முயன்றார்கள் என்று அவர் சொன்னது ‘தி இந்து’ நாளிதழுக்குத் தந்த பேட்டியில். அது பகிரங்கம், சந்தேகமே இல்லை. டாங்கிகளுக்குக் குண்டு போதவில்லை, வான் பாதுகாப்பில் 97 சதவீதம் காலாவதியானது என்பது மார்ச் 12 தேதியிட்டுப் பிரதமருக்கு எழுதிய ரகசியக் கடிதம். மார்ச் 28 அன்று அது பத்திரிகையில் வெளியானது. கசியவிட்டது தேசத் துரோகம் என்று அவரே கொந்தளித்தார். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து “பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார்” என்று எழுதும் காப்பி ஆண்டுக்கு ஒன்றாவது டெஸ்க்குக்கு வருகிறது.

பிரான்சில் முப்படைத் தலைவராக இருந்த பியேர் த வில்லியே கதையும் இதே ரகம். 2017 ஜூலையில் பட்ஜெட்டிலிருந்து 85 கோடி யூரோ வெட்டப்பட்டதைப் பற்றி மூடிய குழுக் கூட்டத்தில் காட்டமாகப் பேசினார். பேச்சு வெளியே கசிந்தது. மறுநாள் அதிபர் மக்ரோன் ராணுவத்தினர் முன்பாகவே, நான்தான் உங்கள் தலைவன் என்ற பொருளில் பேசினார். ஜூலை 19 அன்று ஜெனரல் ராஜினாமா. இந்த விவகாரத்தில் பகிரங்கமாகக் கண்டித்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், அது அதிபர்தான்.

அறை திறந்திருந்தாலும் உஷார் வேண்டும். 2003 பிப்ரவரி 25 அன்று அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செக்கி செனட் குழு முன் இருந்தார். போருக்குப் பிறகு இராக்கை வைத்திருக்க எத்தனை வீரர்கள் தேவை என்று செனட்டர் கார்ல் லெவின் கேட்டார். பல லட்சம் பேர் என்ற அளவில் பதில் சொன்னார். கேட்டால் தன் தொழில்முறைக் கருத்தைச் சொல்வது அங்கே கடமை. இரண்டு நாளில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் உல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கை ஒரேயடியாக நிராகரித்தார். இதில் விமர்சித்தது யார், விமர்சிக்கப்பட்டது யார்?

அச்சுக்கு அனுப்புமுன் மூன்று விஷயங்களைக் காப்பியின் மார்ஜினில் எழுதி வையுங்கள். யாரை நோக்கிச் சொன்னார்? வெளியே கொண்டுவந்தது அவரா, வேறு கையா? சொன்ன தேதிக்கும் வெளிவந்த தேதிக்கும் எத்தனை நாள்? இரண்டாவதற்கு விடை தெரியாவிட்டால் “கசிந்த கடிதத்தில்”, “மூடிய கூட்டத்தில் சொன்னதாக” என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். உள்ளே நாலாவது பத்தியில் இருந்து பயனில்லை, கார்டை மட்டும் பார்ப்பவர்தான் அதிகம்.

உண்மையிலேயே பகிரங்கமானவையும் உண்டு. 2006 அக்டோபரில் பிரிட்டிஷ் தரைப்படைத் தலைவர் ரிச்சர்ட் டானட் ‘டெய்லி மெயில்’ பேட்டியில், இராக்கிலிருந்து சீக்கிரம் வெளியேற வேண்டும், நம் இருப்பே நிலைமையை மோசமாக்குகிறது என்றார். பதவியில் இருந்துகொண்டே, பெயரோடு, தானே முன்வந்து சொன்னார். அவருக்கு அந்தச் சொல் பொருந்தும். பதவி போகவில்லை, 2009 வரை இருந்தார்.

“முன்னாள்” விழுங்கப்படுவது

தம்ப்நெயிலில் முதலில் பலியாகும் சொல் இது. 2006 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலக வேண்டும் என்று கேட்ட ஜெனரல்கள் அனைவரும் ஓய்வுபெற்றவர்கள். 2021-ல் பிரெஞ்சு அரசைச் சாடி வந்த கடிதத்தில் ஓய்வுபெற்ற ஜெனரல்களோடு பணியில் இருந்த சிலரும் கையெழுத்திட்டிருந்தார்கள். நடவடிக்கை யார் மீது, எந்தச் சட்டப்படி என்பதே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஓய்வூதியம் பெறும் அமெரிக்க நிரந்தரப் படை அதிகாரி அந்நாட்டு ராணுவச் சட்டத்துக்கு இன்னமும் உட்பட்டவர். ஓய்வுக்குப் பிறகு ஒருவர் கருத்துச் சொன்னதற்கு நம் ராணுவச் சட்டம் பாயாது. ரகசியத்தை வெளியிட்டால் மட்டும் 1923-ன் அலுவலக ரகசியச் சட்டம் நிற்கிறது.

சில நேரம் “முன்னாள்” போட்டாலும் போதாது. சரத் பொன்சேகா 2009 நவம்பரில் பதவியை விட்டார். டிசம்பரில் பேசியதெல்லாம் 2010 ஜனவரி 26 அதிபர் தேர்தல் வேட்பாளராக. “இலங்கையின் முன்னாள் இராணுவத் தளபதி” என்று மட்டும் எழுதினால், அவர் அன்று ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும்.

உதவியாளர் சொன்னதை ஜெனரல் வாயில் வைப்பது

2010 ஜூனில், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மெக்கிரிஸ்டலைக் கவிழ்த்த ‘ரோலிங் ஸ்டோன்’ கட்டுரையில் மிக மோசமான கிண்டல்கள் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்கள் சொன்னவை. துணை அதிபர் பைடனின் பெயரைக் கேலியாகத் திரித்ததும் அப்படித்தான். பேச்சுக்குப் பக்கத்தில் “யார்” என்று பென்சிலில் எழுதிவிட்டுப் பிறகு மொழிபெயருங்கள்.

சாடினார், விளாசினார், வெளுத்து வாங்கினார்

உக்ரைனின் அன்றைய தலைமைத் தளபதி ஸலூஷ்னி 2023 நவம்பரில் சொன்னது, போர் முட்டுக்கட்டையில் நிற்கிறது என்று. ஸெலென்ஸ்கியைச் சாடவில்லை. அதிபர்தான் சில நாளில் அப்படி இல்லை என்று மறுத்தார். “மாறுபட்டார்” என்ற சொல் தமிழில் இருக்கிறது.

டிஸ்மிஸா, ராஜினாமாவா?

அமெரிக்க ஜெனரல் மெக்கார்தரை 1951 ஏப்ரல் 11 அன்று அதிபர் ட்ரூமன் நீக்கினார். பொறுப்புகள் போயின, ஐந்து நட்சத்திரப் பதவி போகவில்லை. மெக்கிரிஸ்டல் ராஜினாமா கொடுத்தார், ஒபாமா ஏற்றார். பாகிஸ்தான் தரைப்படைத் தலைவர் ஜஹாங்கீர் கராமத் 1998 அக்டோபரில், தேசியப் பாதுகாப்பு கவுன்சில் வேண்டும் என்று பேசிய இரண்டே நாளில் ராஜினாமா. நம் கடற்படைத் தலைவர் அட்மிரல் விஷ்ணு பகவத் 1998 டிசம்பர் 30 அன்று டிஸ்மிஸ், ஆனால் காரணம் பேட்டி அல்ல, துணைத் தலைவர் நியமனத்தை ஏற்க மறுத்தது. ஷின்செக்கியை யாரும் நீக்கவில்லை. நான்கு ஆண்டு முழுப் பதவிக்காலம் முடித்து 2003 ஜூனில் ஓய்வுபெற்றார். “உண்மை சொன்னதால் பதவி பறிப்பு” என்று அவரைப் பற்றி எழுதாத ஊர் இல்லை.

“வரலாற்றில் முதல்முறை”

போடாதீர்கள்.

“ராணுவப் புரட்சி அபாயம்”

கேள்விக்குறி சேர்த்தாலும் போடாதீர்கள்.

மறுப்பை மூலையில் போடுவது

ஜகார்த்தா பேச்சு ஜூன் 10. இந்தியாவில் அது பெரிய செய்தியானது அந்த மாதக் கடைசியில். தூதரகத்தின் மறுப்பு உடனே வந்தது: பேச்சு முன்பின் இல்லாமல் பிரித்து எடுக்கப்பட்டது, நம் படைகள் ஆட்சித் தலைமைக்குக் கட்டுப்பட்டவை என்றுதான் அவர் சொன்னார் என. மறுப்பை நம்புவது வாசகர் பாடு. முதல் நாள் இரண்டு பத்தி அகலத்தில் போன செய்திக்கு மறுப்பும் அதே அகலத்தில், அதே பக்கத்தில் போக வேண்டும். பழைய லிங்க்கைத் திறந்து முதல் பத்திக்கு மேலே மறுப்பின் தேதியையும் நேரத்தையும் சேருங்கள். கார்டு ஏற்கனவே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும், அதைத் திரும்ப வாங்க முடியாது. அதே அளவில், அதே படத்தோடு, மறுப்புக்கும் ஒரு கார்டு போடுங்கள்.