நீச்சல் குளத்து ஃபில்டர் சரியாக வேலை செய்யவில்லையா? மணலை மாற்றும் முன் கேஜைப் பாருங்கள்

கோடை விடுமுறை தொடங்கிய நேரத்தில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளம் வெளுத்துக் கலங்கிப் போனது. மோட்டார் ஓடியது, தண்ணீரும் சுற்றியது, ஆனால் தெளியவில்லை. பராமரிப்புக்கு வந்தவர் ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் "மணலை மாத்தணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மணலை மாற்றாமலே சரியானது. எந்த வரிசையில் பார்த்தால் கோளாறு பிடிபடும் என்பதை இங்கே எழுதுகிறேன். இது மணல் ஃபில்டருக்கானது. மணலுக்குப் பதில் மடிப்பு உருளை உள்ள கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். ஆழமான பக்கத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் குளத்தைப் பூட்டிவிடுங்கள். உள்ளே மூழ்கும் குழந்தை கண்ணில் படாது. பழுது முடியும் வரை யார் கேட்டாலும் திறக்க வேண்டாம்.

படி 1: தண்ணீரைச் சோதியுங்கள்

குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.ஹெச். 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். குளோரின் குறைந்து பாசி பிடித்த தண்ணீரை எந்த ஃபில்டராலும் தெளிய வைக்க முடியாது. காகிதப் பட்டையில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குத் திருப்தி தருவதில்லை, சொட்டு விட்டுச் சோதிக்கும் கிட்தான் நம்பகமானது.

பிளீச்சிங் பவுடரை நேரே குளத்தில் கொட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதில் கரையாத சுண்ணாம்பு நிறைய உண்டு. அது தண்ணீரைக் கலக்கும், மணலிலும் போய்ப் படியும். ஏற்கனவே உப்பாக இருக்கும் போர் தண்ணீரோடு சேர்ந்தால் நாளடைவில் மணல் கட்டி தட்டிவிடும். வேறு வகைக் குளோரினுக்கு மாறும்போது இரண்டையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

படி 2: கேஜ் என்ன காட்டுகிறது?

கேஜ் என்பது ஃபில்டரில் இருக்கும் அழுத்தமானி. மோட்டாரை நிறுத்துங்கள். முள் கீழே இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் கேஜே போய்விட்டது, முதலில் அதை மாற்றுங்கள். உள்ளே கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்கினால் முள் நடுங்காது, நீண்ட நாள் வரும்.

பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) முடித்துச் சுத்தமாக ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்தக் கோட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கோட்டுக்கு மேல் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் அழுக்கு அடைத்திருக்கிறது, பேக்வாஷ் செய்யுங்கள். கழிவு போகும் வழியிலுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெளியும் வரை ஓடட்டும், பெரும்பாலும் 2, 3 நிமிடம். பிறகு ரின்ஸில் (மிச்ச அழுக்கைக் கழிவுக் குழாயில் விடும் நிலை) அரை நிமிடம். ரின்ஸை விட்டால் மிச்ச அழுக்கு குளத்துக்கே திரும்பும். பேக்வாஷுக்குப் பிறகும் முள் இறங்கவில்லையா? குளத்துக்குத் திரும்பும் குழாயின் வால்வு பாதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் மணல் இறுகியிருக்கும்.

கோட்டுக்குக் கீழே நின்றால் சிக்கல் ஃபில்டரில் இல்லை, பம்புக்குப் போதிய தண்ணீர் வரவில்லை. ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் பக்கவாட்டுத் திறப்பு) வாயில் தண்ணீர் பாதி மட்டமாவது இருக்கிறதா, வடிகூடையில் இலை அடைத்திருக்கிறதா, பம்ப் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெடித்துக் காற்று இழுக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்கள். வாசலின் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுப்போகலாம்.

படி 3: கேஜ் சரி, தண்ணீர் மட்டும் கலங்கல்

எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான். அழுத்தம் கோட்டிலேயே நிற்கிறது, பேக்வாஷும் ஆயிற்று, ஆனாலும் தெளியவில்லை. இப்படி இருந்தால் சந்தேகப்பட வேண்டியது மல்டிபோர்ட் வால்வு. ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட் என்று திருப்புகிறோமே, அந்தக் கைப்பிடி இருக்கும் பாகம். அதற்குள் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒரு ரப்பர் கேஸ்கெட் உண்டு, கடையில் ஸ்பைடர் கேஸ்கெட் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வழியையும் அடுத்ததிலிருந்து பிரித்து வைப்பது அதுதான். அதில் ஓர் ஆரம் கிழிந்தாலோ எழும்பினாலோ தண்ணீரில் ஒரு பங்கு மணலுக்குள் போகாமலே குளத்துக்குத் திரும்பிவிடும்.

கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள். கைப்பிடி ஃபில்டரில் இருக்கும்போதே கழிவுக் குழாயில் தண்ணீர் ஒழுகும். அடுத்தது, குளத்தின் அடியை வேக்குவம் செய்யும்போது திரும்பி வரும் துவாரத்தில் ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். அழுக்குப் புகைபோல் வந்தால் கேஸ்கெட்டாக இருக்கலாம், மணலில் ஓட்டை விழுந்திருக்கவும் கூடும். மணலே வந்து விழுந்தால் வேறு கதை: தொட்டியின் அடியில் இருக்கும் லேட்டரல் குழாய் உடைந்திருக்கிறது.

மல்டிபோர்ட் வால்வைக் கழற்றும் முன் மெயினை அணைத்து, மேலே இருக்கும் காற்று வால்வைத் திருகி அழுத்தத்தை முழுவதும் விடுங்கள். அழுத்தம் இருக்கும்போது கிளாம்பைக் கழற்றினால் மூடி பறந்து வந்து தாக்கும், உயிருக்கே ஆபத்து. அப்புறம் மூடியும் உடலும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள், திரும்பப் பொருத்தும்போது திசை மாறாது. உள்ளே பலமான ஸ்பிரிங் இருப்பதால் திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய கேஸ்கெட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஒன்றரை அங்குல வால்வுக்கும் இரண்டு அங்குல வால்வுக்கும் வேறு வேறு. காடியில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டி, ஒரு மணல் துகள்கூட இல்லாமல் துடைத்த பிறகே புதியதைப் பதியுங்கள்.

அது கிழிவதற்கு முக்கியக் காரணம், மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்புவது. ஆள் மாறி மாறி இயக்கும் குளங்களில் இது தினமும் நடக்கிறது. "மோட்டாரை நிறுத்திய பிறகே திருப்பவும்" என்று வால்வுக்கு நேர் எதிரே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

படி 4: கேஸ்கெட்டும் நன்றாக இருந்தால்

இப்போதுதான் மணல். கட்டி தட்டியிருந்தாலோ, நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் ஒரே வழியாக ஓடியிருந்தாலோ மாற்றுங்கள். ஃபில்டருக்கென்றே சலித்த 0.45 முதல் 0.55 மி.மீ. சிலிகா மணல் வேண்டும், கட்டட மணல் உதவாது. தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பிவிட்டு மெல்லக் கொட்டினால் லேட்டரல்கள் உடையாது.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவரின் பம்ப் அறை குளத்து மட்டத்துக்குக் கீழே, பேஸ்மெண்டில் இருந்தது. பம்ப் மூடியைத் திறந்ததும் குளத்துத் தண்ணீர் அறைக்குள் பாய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட அமைப்பில் உறிஞ்சும் குழாய், திரும்பும் குழாய் இரண்டின் வால்வுகளையும் மூடிவிட்டுத்தான் எதையும் திறக்க வேண்டும். மோட்டார் நின்ற பிறகும் கேஜில் சிறிது அழுத்தம் காட்டுவது அங்கே இயல்பு.

இன்னொன்று: மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டியதிலிருந்து அழுத்தம் குறைவு என்று சிலர் கேட்டிருந்தார்கள். த்ரீ பேஸ் மோட்டார் என்றால் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். தலைகீழாக ஓடினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும் என்பதால் சந்தேகமே வராது. பம்பின் உடலில் இருக்கும் அம்புக்குறியையும், மோட்டாரை நிறுத்தும் நொடியில் பின்பக்க விசிறி சுற்றும் திசையையும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏதாவது இரண்டு பேஸ் ஒயர்களை இடம் மாற்றச் சொல்லுங்கள்.