மும்பை ஓட்டத்தில் நன்றி சொல்லப் பழகுவது எப்படி

காலையில் எழுந்ததும் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று சொல்லுங்கள் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சயனிலோ தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் நம் வீடுகளில் அந்த நேரத்தில் தண்ணீர் வந்திருக்கும், அடுப்பில் பால் பொங்க நிற்கும், வழக்கமான வண்டியை விட்டால் ஆபீஸில் லேட் மார்க் விழும். நேரம் இருந்தாலும் "எல்லாவற்றுக்கும்" என்று மொத்தமாகச் சொல்வது மனதில் ஒட்டாது. எனக்குத் தெரிந்து ஒட்டுகிற வழி ஒன்றுதான்: ஒரு சின்ன வசதியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று தேடுங்கள். ஆள் கண்ணில் பட்டுவிட்டால் மீதி தானாக வரும்.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலான பகுதிகளில் மாநகராட்சித் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும். விடிகாலை எழுந்து டிரம்மையும் குடத்தையும் நிரப்புவது எரிச்சலான வேலைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் குழாயில் முதலில் புஸ்ஸென்று காற்று வந்து, துப்பித் துப்பி, அப்புறம் தண்ணீர் கனமாக விழத் தொடங்கும் அந்த அரை நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்குத் தண்ணீர் தருபவை ஏழு ஏரிகள். துள்சியும் விஹாரும் மட்டும்தான் நகர எல்லைக்குள் இருக்கின்றன. தான்சா, பாட்சா, வைதர்ணா எல்லாம் வெளியே, நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி. அங்கிருந்து பெரிய குழாய்களில் வந்து, சுத்தமாகி, தொட்டிகளில் தேங்கி, கடைசியில் நம் தெருவுக்குத் திரும்புவது ஒரு மனிதரின் கையால். சாவிவாலா என்று சொல்வார்கள். நீளமான இரும்புச் சாவியோடு பகுதி பகுதியாகப் போய், சாலைக்கு அடியில் இருக்கும் வால்வைத் திருகித் திறந்து, நேரம் முடிந்ததும் மூடுவது அவர் வேலை. நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு குடத்தை வைப்பதற்கு முன்பே அவர் எழுந்து, உடம்பு முழுக்க பலம் கொடுத்து அந்தச் சாவியைத் திருகியிருக்கிறார். குடம் நிரம்பும்வரை அவரை நினையுங்கள், போதும். ஒரு வாரம் செய்து பாருங்கள்; அந்த எரிச்சல் கொஞ்சம் இடம் விடும்.

இதே வழியை ரயிலில் செய்யலாம், அங்கே ஆள் கண்ணெதிரே இருப்பதால் இன்னும் சுலபம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது நம் லோக்கலின் வழக்கம். "தோடா சர்க்கோ" என்றதும் ஜன்னலோரத்தில் இருப்பவர் தோளைச் சுருக்குவார், நடுவில் இருப்பவர் பையைத் தூக்கி மடியில் வைப்பார், ஓரத்தில் இருப்பவர் ஒரு சாண் நகர்வார். உங்களுக்குக் கிடைப்பது பாதி இருக்கை, ஒரு கால் நடைபாதையில்தான் இருக்கும். ஆனாலும் மூன்று முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வசதியில் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டித் தந்த இடம் அது. போனை எடுப்பதற்கு முன்னால் அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு "தேங்க்யூ பாவூ" (மராத்தியில் அண்ணா) சொல்லுங்கள், பெண்கள் பெட்டியில் என்றால் "தேங்க்யூ தாயி" (அக்கா). அப்புறம் நினைக்க இன்னொன்றும் உண்டு. நள்ளிரவு தாண்டி கடைசி வண்டி போன பிறகு விடிகாலை முதல் வண்டி கிளம்பும்வரை கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் தண்டவாளத்தில் நிறைய வேலை நடக்கிறது. மழைக்காலத்தில் அந்த வேலை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி வைப்பது உதவுமா என்று கேட்டால், உதவும். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றிக்குரிய விஷயங்களை ஐந்து வரை எழுதியது, இன்னொன்று தொல்லைகளை, மூன்றாவது அந்த வாரத்தில் நடந்த எதையாவது. நன்றியை எழுதியவர்கள்தான் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தியோடும், வருகிற வாரத்தைப் பற்றிக் கூடுதல் நம்பிக்கையோடும் இருந்தார்கள். வாரம் ஒருமுறைதான் என்பதைக் கவனியுங்கள். தினமும் எழுத ஆரம்பித்தால் "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று அதே மூன்றும் திரும்பத் திரும்ப வரும், நாலாம் நாள் கை எழுதும், மனசு எங்கோ இருக்கும். வாரக் கடைசியில் ஒரு பழைய டைரியை எடுத்து, ஆளும் செயலும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். "அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்" என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. "புதன்கிழமை மழையில் நான் வர லேட்டானதால் மூணாம் நம்பர் அக்கா கொடித் துணியை எடுத்து மடித்து, என் பையன் யூனிஃபார்மைத் தனியாக ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தார்" என்று எழுதினால் அது நிற்கும்.

மனசு மரத்துப்போன நாள்களில், ஒரு விஷயம் இல்லாமல் போயிருந்தால் என்று யோசியுங்கள். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதங்களை எழுதியவர்கள்தான் தங்கள் உறவில் அதிக நிறைவு சொன்னார்கள். இதை மாட்டுங்காவில் மல்லிப்பூ வாங்கும்போதுகூடச் செய்யலாம். ஸ்டேஷனுக்கு வெளியே பூ கட்டும் அம்மா இல்லையென்றால் நம் வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும்?

வீட்டுக்குள் வரும்போதுதான் நம்மவர்களுக்குச் சங்கடம். அம்மாவிடமோ மனைவியிடமோ வீட்டுக்காரரிடமோ போய் நன்றி என்று சொன்னால் "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்பார்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள், கவனித்ததைச் சொல்லுங்கள். "இன்னிக்கு ரசத்துல மிளகு தூக்கலா இருந்துச்சு, தொண்டைக்கு இதமா இருந்தது" என்றால் அவருக்குப் புரியும். அப்படியே எழுந்து பாத்திரத்தையும் தேய்த்துவிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். வீட்டு வேலைக்கு வரும் பாயிக்கும் கச்ரா, அதாவது குப்பை, எடுக்க வருபவருக்கும் இதே கணக்கு: பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சம்பளத்தைத் தேதி தள்ளாமல் கொடுங்கள். சம்பளத்தை இழுத்தடித்துக்கொண்டு நன்றி சொல்வதில் அர்த்தமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றியைக் காட்டி வாயை மூடவைக்க யாரையும் விடாதீர்கள். "வேலை இருக்கிறதே என்று சந்தோஷப்படு" என்று சொல்லி ஓவர்டைம் காசைப் பிடித்துவைக்கிற இடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். அதேபோல வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டைரி எழுதுவது போதாது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான், தமிழிலும் பேசலாம்.

கடைசி வேலையைத்தான் பலரும் தள்ளிப்போடுவார்கள், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். மும்பையில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும், முதன்முதலில் வந்து இறங்கியபோது பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறையில், பாயை விரித்து இடம் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். ஊர்க்காரராக இருக்கலாம், தூரத்துச் சித்தப்பாவாக இருக்கலாம். அவருக்குப் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாக இருக்கும். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்தைப் பற்றியதுதான்: நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்கு வரப்போகும் மகிழ்ச்சியைக் குறைவாகவும், சங்கடத்தை அதிகமாகவும் எடை போட்டிருந்தார்கள். அழகாகப் பேச வேண்டியதில்லை. அவர் என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று, இந்த இரண்டு மட்டும் போதும்: "மாமா, அன்னிக்கு நீங்க மூணு மாசம் தங்க வெச்சு, டெபாசிட்டுக்குப் பணமும் கொடுத்தீங்க, அதனாலதான் நான் இந்த வேலையிலே நிக்க முடிஞ்சது."

தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதற்குத் தோதான நேரம், எப்படியும் எங்கேயும் போக முடியாது. அவர் இப்போது இல்லையென்றால் அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தங்கள் அப்பா இப்படியெல்லாம் செய்தார் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது.