மோகாப் அசைவைக் காட்டூன் ஆக்க ஒரு வழி

கிளிநொச்சியில தம்பி வாய்க்காலைத் தாண்டிப் பாயிறதைப் போனில வீடியோ எடுத்து, மோகாப் (ஆளின்ர அசைவைக் கணினிக்குள்ள எடுக்கிற முறை) ஆக்கி, பிளெண்டர் எண்ட அனிமேஷன் மென்பொருளில ஒரு முயல் உருவத்துக்குக் குடுத்தன். வந்தது முயல் இல்லை, முயல் உடுப்புப் போட்ட தம்பி!

மோகாப்பில ஒவ்வொரு பிரேமிலயும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்திலயும், கீ (உடம்பு நிக்கிற நிலையின்ர பதிவு) கிடக்கும். அதுதான் பிரச்சினை. ஒரு பிரதி எடுத்து வைச்சிட்டு, குந்துறது, எகிறுறது, அந்தரத்தில நிக்கிறது, விழுறது எண்ட நாலு நிலையை மட்டும் விட்டு மிச்சக் கீயளை அழியுங்கோ. பிறகு அந்த நாலையும் மிகைப்படுத்துங்கோ: இடுப்பை இன்னும் பதிச்சு, முதுகை வில்லா வளைச்சு. குந்தின நிலையை நாலைஞ்சு பிரேம் கூடப் பிடியுங்கோ, எகிறுறதை ரெண்டு மூண்டு பிரேமில முடியுங்கோ. சிரிப்பு அங்கதான் வரும்.

இடுப்பைப் பதிக்கேக்க பாதம் நிலத்துக்குள்ள போகும். காலுக்கு ஐகே (பாதத்தை ஒரு இடத்தில வைச்சால் முழங்கால் தானா மடங்கிற அமைப்பு) போட்டால் பாதம் நிலத்திலயே நிக்கும்.

கடைசியா கிராஃப் எடிட்டரில (அசைவைக் கோடாக் காட்டுற பகுதி) ஸ்டெப்ட் இன்டர்போலேஷன் மொடிஃபையர் போட்டு, ஸ்டெப் சைஸ் 2 குடுங்கோ. செக்கனுக்கு 24 பிரேம் எண்டால் 12 நிலைதான் மாறும், கையால கீறின மாதிரி. கமரா ஓடுற ஷொட்டில மட்டும் வேண்டாம், உருவம் துடிக்கும்.