சிகரெட்ட விடணுமா, மொதல்ல உங்க ஒடம்பு எந்த ரகம்னு பாருங்க

"அப்பாவும் தம் அடிப்பாரு, எனக்கும் ரத்தத்துலயே ஊறிப்போச்சு"ன்னு சொல்றவங்க சொல்றது சுத்தப் பொய் இல்ல, இரட்டைப் பிள்ளைங்கள வச்சு பண்ண ஆராய்ச்சியெல்லாம் பாத்தா நிக்கோட்டின் அடிமைத்தனத்துல சுமார் பாதி பரம்பரைதான். ஆனா அத சாக்கா சொல்லாம பிளான் போட வச்சுக்கலாம், ஒரு நோட்டு இருந்தா போதும்.

காலைல எந்திரிச்சு எத்தன நிமிஷத்துல மொத சிகரெட்டுன்னு ஒரு வாரம் குறிங்க. 30 நிமிஷத்துக்குள்ளனா சிகரெட்டுக்கு பதிலா மெல்லுற நிக்கோட்டின் கம் 4 மில்லிகிராம், அதுக்கு மேலன்னா 2. கம்ம பபிள்கம் மாதிரி மெல்லாதீங்க, நான் அப்படித்தான் மென்னு எச்சில முழுங்கி ஒரு மணி நேரம் விக்கல்ல உக்காந்திருந்தேன். மெதுவா நாலு கடி, நாக்குல சுருக்குனு ஏறினதும் கன்னத்துல ஒதுக்குங்க, சுருக்கு போனதும் திரும்ப மெல்லுங்க.

கல்லீரல்ல நிக்கோட்டின உடைக்கிற என்சைமுக்கு சிஒய்பி2ஏ6னு பேரு, அத உண்டாக்குற ஜீன் சிலருக்கு வேகமா வேல செய்யும், சிலருக்கு ஸ்லோ. வேகமானவங்களுக்கு ரத்தத்துல நிக்கோட்டின் சீக்கிரம் எறங்கிடும், அதனால அடுத்தது உடனே கேக்கும். 2015ல வந்த ஒரு பெரிய ஆய்வுல இவங்களுக்கு தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச்ச விட, சிகரெட் ஆசைய கொறைக்கிற வரெனிக்ளின் மாத்திரை நல்லா கேட்டுச்சு, ஸ்லோ ஆளுங்களுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், மாத்திரைல பக்கவிளைவு மட்டும் ஜாஸ்தி. டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும். இன்னொண்ணு 15ஆவது குரோமோசோம்ல இருக்கிற சிஹெச்ஆர்என்ஏ5ங்கற ஜீன், ஓவரா இழுத்தா குமட்டணும்ல, அந்த பிரேக் இதுல ஒரு வகை மாற்றம் இருந்தா சரியா பிடிக்காதுன்னு எலி ஆராய்ச்சி காட்டுது, மனுசங்கள்லயும் அந்த மாற்றம் இருக்கவங்க ஒரு நாளைக்கு கொஞ்சம் கூடுதலாத்தான் பிடிக்கிறாங்க.

எதுக்காக சிகரெட்ட எடுக்கறோம்ங்கற சுபாவத்துக்குன்னு தனியா ஒரே ஜீன் கெடையாது, சின்னச் சின்னதா நிறைய சேந்து வேல செய்யுது, அப்படி யாராச்சும் டெஸ்ட் வித்தா நம்பாதீங்க. அதுக்கு பதிலா ஒவ்வொரு சிகரெட் பக்கத்துலயும் ஒரு வார்த்தை எழுதுங்க, டென்ஷன், கோவம், போர், சும்மா. டென்ஷன் ஜாஸ்தினா நிம்மதியான வாரமா பாத்து விடுற தேதிய வைங்க, மொத மூணு நாள்தான் ரொம்ப படுத்தும். சும்மா, போர்னு வந்தா நீங்க யோசிக்காம கைய நீட்ற ஆளு, பாக்கெட்ட வீட்டுலயே வைக்காதீங்க, எறங்கிப் போயி வாங்கறதுக்குள்ள ஆச பாதி போயிரும்.

அப்புறம் காபி. புகை கல்லீரல உசுப்பி காஃபின வேகமா வெளியேத்தும், விட்டதும் அது நின்னுரும், அதே ரெண்டு கப்பு நாலு கப்பு மாதிரி ஏறும், கை நடுங்குனா சிகரெட் இல்லாததாலன்னு நெனச்சு திரும்ப பத்த வச்சிராதீங்க, காபிய பாதியாக்குங்க.