கிளினிக் வைக்கும் டாக்டருக்கு முதல் கணக்கு

ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். சொந்த கிளினிக்கின் மாதக் கணக்கைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் புரியாது. முதல் நான்கு மாதமும் வாசல்வரை கூட்டம் நின்றது. கையில் காசு நிற்கவில்லை. காரணம் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அது பள்ளிக்கூடக் கணக்கு.

படி 1: வீட்டுப் பையையும் கிளினிக் பையையும் பிரியுங்கள்

கிளினிக்குக்குத் தனி வங்கிக் கணக்கு. உங்களுக்கும் மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து அதை மட்டும் எடுங்கள். மேஜை டிராயரிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பழக்கம் இன்றோடு சரி.

படி 2: செலவை இரண்டாகப் பிரியுங்கள்

நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் நிரந்தரச் செலவு ஒரு பக்கம்: வாடகை, ஊழியர் சம்பளம், உங்கள் சம்பளம், கடன் தவணை. கைக்காசு போட்டு வாங்கிய கருவி 5 வருடம் உழைக்குமென்றால் அதன் விலையை 60-ஆல் வகுத்து இங்கே சேருங்கள். கடனில் வாங்கியது என்றால் தவணை மட்டும் போதும். இரண்டையும் எழுதினால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகிவிடும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆகும் கையுறை, ஊசி, பஞ்சு போன்றவை மறுபக்கம்.

படி 3: ஒரு நாளைக்கு எத்தனை பேர்?

நிரந்தரச் செலவு மாதம் 2,400 என்று வைத்துக்கொள்வோம். ஃபீஸ் 10, ஒருவருக்கு ஆகும் பொருட்செலவு 2. ஆக ஒருவரால் மிஞ்சுவது 8. 2,400-ஐ 8-ஆல் வகுத்தால் 300 பேர். மாதம் 25 நாள் வேலை என்றால் தினம் 12 பேர். அதற்குக் கீழே போனால் நட்டம்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். மறுபரிசோதனைக்கு நான் ஃபீஸ் வாங்குவதில்லை. நான்கு பேரில் ஒருவர் அப்படி வருகிறார் என்றால், நால்வரிடமும் சேர்த்து வருவது 30, செலவு 8, மிச்சம் 22. சராசரி ஐந்தரைதான். இப்போது மாதம் 437 பேர் வேண்டும், அதாவது தினம் 17, 18 பேர்! இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஆனால் அதையும் சேர்த்துத்தான் ஃபீஸை முடிவு செய்ய வேண்டும்.

படி 4: நேரத்தை அளந்து பாருங்கள்

ஒரு வாரம் கடிகாரம் வைத்து, ஒருவருக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். 10 நிமிடம் என்றால் 18 பேருக்கு 3 மணி நேரம். எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்வது பாவம். புள்ளியியலாளர் நார்மன் பெய்லி 1952-இல் சொன்ன வழி எளிது: தொடக்கத்தில் இரண்டு பேருக்கு நேரம் கொடுங்கள், அப்புறம் சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக. முதலாமவர் தாமதித்தாலும் நீங்கள் சும்மா உட்கார வேண்டியதில்லை. மற்றவர்களும் வெகுநேரம் காத்திருக்க மாட்டார்கள்.

படி 5: வர வேண்டிய பணம்

காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய தொகை லாபமாகத் தெரியும், அதை வைத்து வாடகை கட்ட முடியாது. பாக்கிகளை 30, 60, 90 நாள் என்று பிரித்து எழுதி, பழையதை முதலில் துரத்துங்கள். சில மாத நிரந்தரச் செலவுக்காவது பணம் ஒதுக்கி வைப்பது நல்லது. ரசீது போட்டுப் பணம் வாங்குபவரும் மாலையில் அதைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நம்பிக்கையான ஊழியருக்கும் அதுதான் பாதுகாப்பு.

வரி விஷயத்தைக் கணக்காளரிடம் விடுங்கள். படி 3-ஐ மட்டும் யாரிடமும் விடாதீர்கள். வாடகையோ சம்பளமோ ஏறும் மாதமெல்லாம் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.