பாம்புத் தொட்டிக்குச் சூடு வைக்கும் முன்

முதலில் தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள், அதாவது சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியை, அப்புறம்தான் ஹீட்டர். பாம்பு வளர்க்கப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் கடையில் தொட்டியையும், அடியில் ஒட்டிச் சூடாக்கும் தகடான ஹீட் மேட்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், தெர்மோஸ்டாட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

நான் இருப்பது டொராண்டோ ஸ்காபரோவில், ஒரு பேஸ்மென்டில். வளர்ப்பது பால் பைதான் என்ற சின்ன மலைப்பாம்பு. பெயரைக் கேட்டதும் அம்மா, "அப்ப பால் வைச்சனியோ?" என்றார். பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எந்தப் பாம்புக்குமே பால் சாப்பாடு இல்லை என்று புரியவைப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருவோம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சூட்டில் வாழ்ந்த இனம் இது, வெளியே மைனஸ் 20 இருக்கும் ஊரில் இதை வைத்திருக்கிறோம்.

பாம்பின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் சூடான பக்கம் போகும், போதுமென்றால் தள்ளிப் படுக்கும். அதனால் தொட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பதும் தப்புதான். பால் பைதானுக்கு, அது படுத்துச் சூடேறும் இடத்தின் தரை 32, 33 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 25 முதல் 27 வரை, இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே போகக் கூடாது. கார்ன் ஸ்னேக் என்றால் கொஞ்சம் குறைவு போதும், சூடான பக்கம் 28 முதல் 30. போதிய சூடு இல்லாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். ஒருமுறை அந்த நாற்றத்தை முகர்ந்தால் அதன்பிறகு தெர்மாமீட்டரைப் பார்க்க மறக்கமாட்டீர்கள்.

ஹீட் மேட்டை எல்லோரும் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். நான் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேரே பிளக்கில் போட்டு வைத்திருந்தேன், மேலே கைவைத்தால் இதமாகத்தான் இருந்தது. ஒருநாள் அடியில் விரிக்கும் தேங்காய் நார்த்தூளை ஒதுக்கிவிட்டு தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன்னைக் கண்ணாடியின் மேல் காட்டினால் 47. பாம்பும் இதேபோலத் தூளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிமேல் படுக்கும். சுட்டால் நகர்ந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள், பல நேரம் வயிறு வெந்துகொண்டிருந்தாலும் அங்கேயே கிடக்கும். என் பாம்பின் வயிற்றுச் செதில் நாலைந்து சிவந்திருந்தன, அதோடு தப்பியது. மேட் தொட்டியின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வெளியே அடியில் ஒட்டுங்கள், சூடு வெளியேறக் கண்ணாடிக்கும் மேசைக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுங்கள், மேலே தூளைக் கனமாகக் கொட்டாதீர்கள்.

ஆனால் மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. என் பேஸ்மென்ட்போல 19 டிகிரியில் கிடக்கும் அறைக்கு அது மட்டும் பத்தாது, மேலிருந்தும் சூடு வேண்டும். பகலுக்கு ஹாலஜன் பல்பு நல்லது, வெயில் காய்வதுபோல உடம்புக்குள் இறங்கும் சூடு. இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர். இது பயங்கரமாகக் கொதிக்கும், பிளாஸ்டிக் ஹோல்டரை உருக்கிவிடும், அதனால் பீங்கான் ஹோல்டர் கட்டாயம். தொட்டிக்குள் மாட்டினால் சுற்றிலும் கம்பிக்கூண்டு வேண்டும், இல்லாவிட்டால் ஏறிப்போய்ச் சுற்றிக்கொள்ளும். கிளிப்பில் கவ்வி நிற்கும் விளக்கை நம்பவே நம்பாதீர்கள், ராத்திரி நழுவிக் கம்பளத்தில் விழுந்தால் வீடே போகும். செராமிக் காற்றை உலர்த்தும், ஈரப்பதம் 55 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சட்டை துண்டு துண்டாக உரியும், தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக வையுங்கள். சிவப்பு பல்பு வேண்டாம், அந்த வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது என்பது கதை. சூடாகும் கல் என்று விற்பதைத் தொடவே வேண்டாம், ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் சில்லென்று இருக்கும்.

தெர்மோஸ்டாட்டிலும் வகை உண்டு. மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை போதும். பல்புக்கு அது ஆகாது, மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்து பல்பு சீக்கிரம் போய்விடும், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வாங்குங்கள். செராமிக்குக்கு, மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பல்ஸ் வகை.

இனி சென்சார், அதாவது சூட்டை அளந்து தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும் வயர் முனை. இதில்தான் பழைய ஆட்களே கோட்டை விடுகிறார்கள். நான் அதை உள்ளே டேப் போட்டு ஒட்டினேன். பாம்பு உரசி உரசி அதைக் குளிர்ப்பக்கம் தள்ளிவிட்டது. சென்சாருக்கு 22 டிகிரிதான் தெரிகிறது, ஆகவே தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தாமல் எரியவிடுகிறது. போதாததற்கு டேப் பாம்பின் கழுத்தில் ஒட்டிக்கொண்டது, சமையல் எண்ணெய் தடவித் தடவி எடுக்க அரைமணி நேரம். தொட்டிக்குள் டேப் கூடவே கூடாது. மேட்டுக்கான சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளியே வைத்துவிடுங்கள், அதை எந்தப் பாம்பாலும் நகர்த்த முடியாது. பிறகு உள்பக்கக் கண்ணாடியை கன்னால் அளந்து, தெர்மோஸ்டாட்டில் வைத்த டிகிரியை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். ஒட்டுகிற டயல் தெர்மாமீட்டரைக் குப்பையில் போடலாம்.

தெர்மோஸ்டாட்டும் பழுதாகும், சில நேரம் ஆனிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால் வாட்ஸ் அதிகமான ஹீட்டராகப் பார்த்து வாங்காதீர்கள். 60 வாட் போதும் இடத்தில் 150 எதற்கு? கனடாவில் இருப்பவர்கள் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் என்ற பாதுகாப்பு முத்திரை இல்லாத மலிவுச் சாமானை வாங்காதீர்கள். பல பிளக் போடும் பவர் பார் ஒன்றில் இன்னொரு பவர் பாரைச் செருகாதீர்கள். பாம்பைக் கொண்டுவருவதற்கு முன் இரண்டு, மூன்று நாள் வெறும் தொட்டியை ஓடவிட்டு, காலையும் நள்ளிரவும் அளந்து பாருங்கள்.

கரண்ட் போனால்? 2013 டிசம்பர் பனிமழையில் டொராண்டோவில் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, சில வீடுகளுக்குத் திரும்பி வரப் பல நாளானது. அப்படி ஒரு நாளுக்கு, பாம்பைப் பருத்திப் பையில் போட்டு, காற்றுத்துளை உள்ள சின்னப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை வையுங்கள். நேரடியாக உடம்பில் படக் கூடாது. நலமாக இருக்கும் பெரிய பாம்பு ஓரிரு நாள் குளிரைத் தாங்கும். கரண்ட் வந்ததும், பாவம் பட்டினி கிடந்தது என்று எலியைக் கொடுத்துவிடாதீர்கள், தொட்டி பழைய சூட்டுக்கு வந்து இரண்டு நாளாவது போகட்டும்.